விசில் வைக்காத கறி

கறியைக் கழுவிக்கொண்டே இருக்கக் கூடாது, மஞ்சள் போடக் கூடாது, குக்கர் பக்கமே போகக் கூடாது. காலையிலிருந்து இதையேதான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இருந்தும் கை தன்பாட்டுக்கு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மஞ்சள் ஸ்பூனை எடுத்துவிட்டது. திருப்பி வைத்தேன். இது சைனீஸ், ஜெசிந்தா, இதற்கு மஞ்சள் கிடையாது. அண்டர்கட்டாக ஒரு துண்டு, முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற மெத்தென்ற பாகம், அயனாவரத்தில் பாயிடம் சொல்லிவைத்து வாங்கிய மாட்டுக்கறி, ஃப்ரீசரில் விறைக்கவிட்டு எடுத்திருக்கிறேன், அப்போதுதான் கத்திக்கு அடங்கும். இவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், சிவகுருநாதன். ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் இருக்கும், உட்கார்ந்து பேப்பரைப் புரட்டி, நாட்டு நடப்பெல்லாம் பேசி, தலையையும் கொடுத்துவிட்டு வர மதியமாகிவிடும். வந்ததும் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போவார். முடிவெட்டிக்கொண்டு வந்தவன் குளிக்காமல் வீட்டில் எதையும் தொடக் கூடாது என்பது அவர் அம்மா போட்ட சட்டம், அம்மா போய் ஒரு வருஷமாகியும் சட்டம் போகவில்லை. குளித்துவிட்டு வந்து சாமிக்கும் அம்மா படத்துக்கும் கும்பிடு போட்டு, பசிக்குதே ஜெயா என்று டைனிங் டேபிளில் உட்காருவார். அப்போது வைக்கப்போகிறேன். இந்த வீட்டில், அந்த அம்மாளின் இரும்புச் சட்டியில், அமாவாசைக்கு அமாவாசை படையல் வடை சுட்ட அதே சட்டியில் வறுத்த மாட்டுக்கறியை வைக்கப்போகிறேன். என்ன கறி என்று கேட்டால் சாப்பிடுங்க என்று மட்டும் சொல்வேன். கடைசி வாய் உள்ளே போன பிறகு சொல்வேன். முகம் எப்படிப் போகிறது என்று எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். அதற்குப் பிறகு இந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருப்பேனா என்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சமையலே.

கத்தியை நாருக்குக் குறுக்கே வைக்க வேண்டும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அதற்குக் குறுக்காக, மெல்லிசாக, கறிக்கு மறுபக்கம் கைவிரல் நிழலாடுகிற அளவுக்கு. இதை எனக்குச் சொன்னது மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாக ஹோட்டல் நடத்திய சீனத்து அம்மா. பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ், தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள். "நீங்கள்லாம் கறிய வேக வச்சே சாவடிச்சிடுறீங்கம்மா. நாருக்குக் குறுக்கால வெட்டு. முட்ட வெள்ளக்கரு, கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிக சோடா மாவு, சோயா சாஸ். அப்புறம் பெரிய நெருப்பு. கறி உள்ள போனது அதுக்கே தெரியறதுக்குள்ள வெளிய எடுத்துடணும்." அப்போது நானும் இவரும் ஒரே இன்ஷூரன்ஸ் ஆபீஸ், எதிரெதிர் மேஜை. சம்பளம் வந்த வாரம் அந்த ஹோட்டலில்தான் மத்தியானச் சாப்பாடு. முதல் தடவை தயங்கித் தயங்கித்தான் மெனு கார்டில் விரலை வைத்தேன், எங்க வீட்ல இது சாப்பிடுவோம், உங்களுக்கு ஆகாதுன்னா வேணாம் என்றேன். இவர் என்ன செய்தார் தெரியுமா, எனக்கு முன்னாடி ஃபோர்க்கைப் போட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, "உங்க வீட்டு மாப்பிள்ளைன்னா இதெல்லாம் பழகிக்க வேணாமா ஜெசி" என்றார். நான் விழுந்தது அந்தத் துண்டில்தான். எத்தனையோ பேர் கவிதை கொடுத்துப் பெண்ணை மயக்குகிறார்கள், இவர் ஒரு துண்டு கறியில் வேலையை முடித்துவிட்டார். ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வில்லிவாக்கத்துக்கு இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் ஜெயா ஆனேன். ஜெசிந்தா என்று கூப்பிட்டால் அக்கம்பக்கத்தில் ஆயிரம் கேள்வி வருமாம். வா குரு, போ குரு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் வாங்க, போங்க ஆனேன். இவரும் அதே வாரம் ஜெயா என்று கூப்பிடத் தொடங்கினார், நாக்குக் கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்தக் கறியையும் அத்தோடு விட்டுவிட்டார். இருக்கட்டும், இருக்கட்டும், வெட்டு.

கிண்ணத்தில் வெள்ளைக்கரு, கார்ன்ஃப்ளார், சோடா மாவு சிட்டிகை, மிளகுத்தூள். கறியைப் போட்டுக் கையாலேயே பிசைகிறேன், வழவழவென்று விரலுக்குள் ஓடுகிறது. அப்பாவுக்கு இது புரிந்திருக்காது. வேகாத கறியை எப்படிம்மா திங்கறது என்று கேட்டிருப்பார். அரக்கோணத்தில் எங்கள் வீட்டில் கறி என்றால் குக்கர், குக்கர் என்றால் விசில், அப்பாவுக்குப் பல் கொஞ்சம் ஆடத் தொடங்கிய பிறகு இன்னும் கூடுதலாக விசில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரும்போதே எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க விசில் சத்தம்தான், எந்த வீட்டில் என்ன கறி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அந்தப் பழக்கம்தான் என் காலை வாரியது. நித்திலா வயிற்றில் இருந்தபோது எனக்கு மாட்டுக்கறி மேல் ஒரு ஆசை, தூக்கத்தில் கூட அந்த மணம் வரும். இவரிடம் சொன்னேன். குழந்தை பிறக்கட்டும் பாக்கலாம் என்றார். அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன், அடுத்த ரயிலிலேயே மஞ்சப் பையோடு வந்து நின்றார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள், திருப்புகழ் பாராயணம், வர நேரமாகும் என்று கணக்குப் போட்டேன். மஞ்சள் போட்டுக் கழுவி, இஞ்சி பூண்டு தட்டி, குக்கரில் வைத்துவிட்டு, அப்பாவும் நானும் ஹாலில் உட்கார்ந்து விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாராயணம் சீக்கிரம் முடிந்து அவள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும். அங்கே இருந்தபடியே அவளும் விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். உள்ளே வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "பருப்புக்கு மூணு விசில். இங்க விடாம கூவுதே, என்ன வேவுது ஜெயா" என்றாள். மூக்குக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது. குக்கரை அப்படியே, மூடியைத் திறக்காமல், துணியில் பிடித்துக் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். குக்கரோடு. நான் ஆசைப்பட்டு, அப்பா தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வாய் வைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது, பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தொப்புளுக்கு மேலே ஓர் இடம் எரிகிறது.

அதைக் கூட விட்டுவிடுவேன். குக்கர் போனால் குக்கர். அன்றைக்கு அவள் என் அப்பாவைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை, அவ்வளவு மரியாதை தெரிந்தவள். கை கால் கழுவிட்டு வாங்க சம்மந்தி, ஒரு வாய் ரசம் சாதமாவது சாப்புடுங்க என்று கூப்பிட்டாள். இந்த வீட்டில் தட்டுக்கெல்லாம் பெயர் வெட்டியிருக்கும், கரண்டி, மூடியைக் கூட விடாமல் ப. மரகதம், ப. மரகதம் என்று மாமியார் பெயரைப் பாத்திரக்கடைக்காரன் வெட்டித் தள்ளியிருப்பான். அன்று மாலை அப்பாவுக்கு வைத்த தட்டில் பெயர் இல்லை. புதுத் தட்டு, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது, விலைச்சீட்டின் பசை கூடப் போகவில்லை. நான் கூட, பரவாயில்லையே, சம்பந்திக்குப் புதுத் தட்டு என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அவ்வளவு பெரிய மடச்சி. அப்பா சாப்பிட்டு முடித்ததும், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், "சாப்ட்டுட்டு தட்ட கழுவி பின்னாடி கவுத்து வச்சிடுங்க சம்மந்தி" என்றாள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனார். அதன் பிறகு எப்போது வந்தாலும் அந்தத் தட்டுதான், பின்பக்கத்தில் துடைப்பத்துக்கும் ஃபினாயில் பாட்டிலுக்கும் மேலே ஒரு பலகையில் அதற்கென்று இடம். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான மனுஷன், பாத்திரம் கழுவுவதிலும் ஒரு கைசுத்தம், சாம்பல் போட்டுத் தேய்த்து, விளிம்பை வெயிலில் பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். நான் இவரிடம் அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வருஷம் மாறினாலும் வார்த்தை மாறாமல். "பிரச்சினை கறிதான் ஜெயா. மனுஷன் இல்ல. அன்னிக்கு அந்தக் கறி மட்டும் வரலன்னா எங்கம்மா இப்படி பண்ணியிருக்கவே மாட்டாங்க." கறிதான். மனுஷன் இல்லை. அதையும் நம்பினேன், நம்பாமல் குடும்பம் நடத்த முடியாது.

ஃபோன் அடிக்கிறது. கையெல்லாம் கார்ன்ஃப்ளார், மணிக்கட்டால் ஸ்பீக்கரைப் போட்டேன். நித்திலா, பெங்களூரிலிருந்து. என்னம்மா பண்ற என்றாள். பீஃப் என்றேன். "நம்ம வீட்லயா?" "ஏன், இது என் வீடு இல்லையா." "அதில்லம்மா. அப்பாகிட்ட சொல்லிட்டியா?" சாப்பிட்டு முடித்த பிறகு சொல்வேன் என்றேன். "அம்மா, சொல்லாம ஒருத்தர் வாயில எதையும் வைக்கிறது தப்பு. சண்ட போடணும்னா நேரா சண்ட போடு." என் மகள் நியாயம் பேசுகிறாள், நன்றாகத்தான் படிக்க வைத்திருக்கிறேன். சின்ன வயதில் இவள் ஓடிப்போய்த் தாத்தா மடியில் உட்கார்ந்து அந்தத் தட்டில் கை வைப்பாள், மாமியார் வந்து அள்ளிக்கொண்டு போவாள், இவள் கைகால் உதைத்துக் கத்துவாள், அப்பா சோற்றை உருட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்ப்பார். உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. வச்சிடறேன்டி, அடுப்புல வேல இருக்கு என்றேன். தப்புதான். தப்பாகவே இருக்கட்டும், இத்தனை நாள் சரியாக இருந்து என்னத்தைக் கண்டேன்.

இஞ்சி நீட்டு நீட்டாக, பூண்டு பொடியாக, குடைமிளகாய் சதுரமாக, வெங்காயத்தாளில் வெள்ளை தனி, பச்சை தனி. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், சட்டி காய்ந்த பிறகு தேடினால் எல்லாம் கருகிவிடும். கருகட்டும் என்று தோன்றியது ஒரு நாள். மாமியார் காரியமெல்லாம் முடிந்து ரெண்டு மாசம் கழித்து அப்பா வந்தார், அவருக்கு அப்போதே மூச்சு இளைப்பு, படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், சாவு வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சந்தோஷம், இனி அந்தத் தட்டு எதற்கு, யார் கேட்பார், யாருக்குப் பயம். எனக்கு அன்று இடுப்புப் பிடிப்பு, நீ உக்காரு நான் எடுத்து வைக்கிறேன் என்று இவரே எழுந்து போனார். மாப்ள நீங்க எதுக்கு சிரமப்படுறீங்க என்றார் அப்பா. இவர் நேராகப் பின்பக்கம் போனார். பலகையில் கையை விட்டார். பெயர் வெட்டாத அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீரில் ஒரு அலம்பு அலம்பி, அப்பா முன்னால் வைத்தார். அம்மா இல்லை. கறி இல்லை, அன்றைக்கு வெண்டைக்காய்ச் சாம்பார். வேண்டுமென்று செய்தார் என்று கூடச் சொல்ல மாட்டேன், அதுதான் என்னைக் கொல்கிறது, கை தானாகப் போனது, இன்றைக்கு என் கை மஞ்சளுக்குப் போனதே அது மாதிரி. அப்பா சாப்பிட்டார். சட்டைக் கையை மடித்தார். குழாயடியில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. நான் போய்த் தட்டைப் பிடுங்கினேன், "விடும்மா, நம்ம வீட்லயும் நாந்தான கழுவுறேன்" என்றார். ஆடி மாசம் செத்துப்போனார். இவர் அரக்கோணத்துக்கு வந்தார், மாலை போட்டார், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார், ஒரு குறை சொல்ல முடியாது. நான் கல்லறையில் மண்ணைப் போட்டுவிட்டு நிமிரும்போது இவர் முதுகைத்தான் பார்த்தேன். அப்போது முடிவு பண்ணியது இது. போன வெள்ளிக்கிழமை அந்தத் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போய்ப் பெயர் வெட்டச் சொன்னேன். அன்பளிப்புன்னு போடணுமா என்று கேட்டான். வேண்டாம், பேர் மட்டும் போதும் என்றேன். இ. ஆரோக்கியசாமி. எழுத்து நன்றாக ஆழமாக விழுந்திருக்கிறது. இன்று அதில் நான் சாப்பிடப்போகிறேன், இவருக்கு எதிரில் உட்கார்ந்து.

வந்துவிட்டார். கதவு, செருப்பு, குளியலறைத் தாழ்ப்பாள். அடுப்பைப் பெரிதாக்கி இரும்புச் சட்டியை வைத்தேன், காயட்டும், புகை வரட்டும். நீங்க சுட்ட வடையெல்லாம் மறக்கட்டும் மரகதம்மா. கடலை எண்ணெய் சட்டியின் ஓரமாக இறங்கி ஓடியது. கறியைப் பரப்பிப் போட்டேன், சுரீர் என்று ஒரே சத்தம், உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தை அமுக்கிவிட்டது. காது தானாகக் கூர்மையாகிறது, விசிலுக்குக் காத்திருக்கிறது, இத்தனை வருஷம் கழித்தும் விசில் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வராதுடி, இதற்கு விசிலே கிடையாது, பக்கத்து வீட்டில் எவள் மோர் குடித்தாலும் தெரியாது. சிவப்பு மாறி ஓரம் பழுப்பாகும்போதே வழித்துத் தட்டில் எடுத்தேன். அதே சட்டியில் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளை, குடைமிளகாய், சோயா சாஸ், துளி சர்க்கரை, துளி வினிகர், பிறகு கறி மறுபடி உள்ளே, பச்சைத் தாளைத் தூவி ஒரு புரட்டு. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மெத்தென்று இருந்தது. அப்பாவின் ஆடுகிற பல்லே போதும், ஐயோ, அவருக்கு ஒரு தடவை இப்படிச் செய்து கொடுத்திருக்கலாம். அழக் கூடாது, அழுதால் கோபம் போய்விடும், கோபம் எனக்கு இன்னும் அரை மணி நேரத்துக்காவது வேண்டும்.

இவர் உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி, ஒட்ட வெட்டிய தலை, காதோரம் ஒரு முடி ஒட்டியிருந்தது. ப. மரகதம் தட்டில் சோறும் கறியும் வைத்தேன். என் பக்கத்தில் அப்பாவின் தட்டு, இன்னும் எதுவும் வைக்காமல். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது நின்றது. இவ்வளவு சீக்கிரமா, கடைசி வாய் வரைக்கும் போகும் என்று நினைத்தேனே.

"ஜெசி," என்றார். அவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ வருஷம். "பீஃப்தான?"

அவர் சிரித்தார், உண்மையாகவே, முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார். "அண்டர்கட். அந்த சைனாக்காரம்மா பண்றாப்பலயே இருக்கு. எப்படி இவ்ளோ சாஃப்டா வந்துச்சு?"

"உங்களுக்குப் பரவாயில்லையா?"

"எனக்கென்ன. டூர் போறப்பல்லாம் சாப்புடறதுதான். கொச்சின்ல ஒரு கடை இருக்கு, அடடா. வீட்ல அம்மாவுக்காகத்தான். நீயா ஒரு நாள் செய்வேன்னு பாத்துட்டே இருந்தேன்."

நான் இத்தனை நாள் கூர்தீட்டி வைத்திருந்தது அப்படியே கையில் மழுங்கிப்போனது. டூர் போகும்போதெல்லாம். நான் மாசமாக இருந்து அந்த வாசனைக்கு ஏங்கி, குக்கரோடு குப்பையில் போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற வருஷத்திலும் டூர் போனார். அப்பா தட்டைக் கழுவிக் கவிழ்த்த எல்லா வருஷத்திலும் டூர் போனார். கறிதான் பிரச்சினை என்று சொன்ன வாயில் அந்தக் கறி இருந்திருக்கிறது. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார், குடைமிளகாயைக் கூட ஒதுக்கவில்லை, சாஸைச் சோற்றில் பிசைந்து வழித்தார், தட்டைத் தள்ளி இன்னும் கொஞ்சம் வை என்றார். கறியை வைத்து இந்த மனுஷனை ஒன்றும் செய்ய முடியாது. அப்படியென்றால் எது.

தட்டை எடுத்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்த அப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டு, சட்டியில் இருந்த நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டு, அவர் முன்னால் வைத்தேன். பிசையப் போன கை விளிம்பில் பட்டது. கட்டைவிரல் எழுத்தைத் தடவியது. குனிந்து படித்தார். கையை இழுத்துக்கொண்டார், சூடு பட்டவர் இழுப்பாரே அவ்வளவு வேகமாக.

"இதுல எதுக்கு வச்ச. வேற தட்டுல போடு."

"கறிதான் பிரச்சினைன்னு சொன்னீங்க."

"அதில்ல ஜெயா." ஜெயா திரும்பி வந்துவிட்டாள். "ஒரு மாதிரி இருக்கு. பழக்கமில்லாம... வேற தட்டு குடேன், அவ்ளோதான."

அவர் கண் அம்மா படத்துக்குப் போய்விட்டு வந்தது. அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சாப்பிட்டு வைத்த ப. மரகதம் தட்டைக் கழுவாமலேயே என் முன்னால் வைத்து, எனக்குச் சோறு போட்டேன், கறி போட்டேன், நன்றாகப் பிசைந்தேன்.

"வேற தட்டு இல்ல," என்றேன். "சாப்ட்டுட்டு கழுவி பின்னாடி கவுத்து வச்சிடுங்க."

என் குரல் உயரவில்லை. அந்த அம்மாளும் இப்படித்தான், குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கை மேஜை மேல் அப்படியே கிடந்தது, விரலில் சாஸ் காய ஆரம்பித்தது. எழுந்து போகவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன், ருசியாக இருந்தது. அப்பா அந்தத் தட்டில் ஒரு பருக்கை மீதி வைத்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தேன்.